பாவாடை இல்லாவிட்டால் ஒரு புள்ளி போகுமா?

ஐஸ்காரி (ஸ்கார்பரோ)
நேற்று இந்த இணைய மன்றத்தில் வேறொரு திரியில் வெள்ளிக்கத்தி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இது: "பெரியவர்கள் பிரிவில், பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்கு வரும் பெண்கள் பாவாடை போட்டே ஆகவேண்டும். கால்சட்டையோடு இறங்கினால் ஒரு புள்ளி போகும்." இதை நம்பி, என்னோடு பழகும் 39 வயதுத் தோழி ஒருத்தி போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். தொடை தெரிய இத்தனை பேர் முன்னால் நிற்க மாட்டேன் என்கிறாள். ஆறு மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பழகியவள்.

பெண்கள் கால்சட்டை போடலாம் என்று 2004-லேயே சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் விதியை மாற்றிவிட்டது. 2004! எழுதுவதற்கு முன் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

வெள்ளிக்கத்தி (மிசிசாகா)
தங்கைக்கு வணக்கம். நான் ஐஸில் நிற்பது பதினோராவது வருடம். நீ இரண்டு வருடமா? மூன்றா? எனக்கு விதி சொல்லித்தர வந்துவிட்டாய், சந்தோஷம்.

நான் புத்தகத்தில் படித்ததை எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினேன். கறுப்புக் கால்சட்டை, பளிச்சென்ற மேல்சட்டை, சுத்தமாக ஆடினாள். ஒரு புள்ளி போனது. விதியில் உள்ள சொல் என்ன தெரியுமா? அடக்கமான, கண்ணியமான, போட்டிக்குப் பொருத்தமான உடை. அந்தக் கண்ணியத்தை உன் 2004-ல் அழித்துவிட்டார்களா?

தேன்மொழி_சிங்கை
அக்கா, ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பார்த்தது தனிநபர் போட்டியா, ஐஸில் நடனமாகவே ஆடும் தனிப் பிரிவான ஐஸ் டான்ஸா? 2004-ல் மாறியது தனிநபருக்கும் ஜோடிக்கும். டான்ஸில் பெண்களுக்குப் பாவாடை கட்டாயம் என்பது அதற்கு அப்புறமும் பல வருடம் இருந்தது. எது என்று சொன்னால் இங்கேயே முடிந்துவிடும்.

வெள்ளிக்கத்தி
கேள்வியை நான் கேட்கிறேன், நீ பதில் சொல். "கண்ணியம்" என்றால் என்ன? சொல்லிவிட்டு அப்புறம் டான்ஸுக்கு வா.

ஐஸ்காரி
கண்ணியத்துக்கும் பாவாடைக்கும் என்ன சம்பந்தம் அக்கா? டைட்ஸும் கால்சட்டையும் போட்டால் கணுக்கால் வரை மூடியிருக்கிறது. பாவாடை தொடையில் நிற்கிறது. நீங்களே சொல்லுங்கள், எது அடக்கம்?

கேஎல்_கவிதா
நான் கோலாலம்பூர் பக்கத்தில் உள்ள சன்வே பிரமிட் ஐஸ் ரிங்க்கில் பழகுகிறேன். வெளியே 33 டிகிரி, உள்ளே போனால் விரல் விறைக்கும். போட்டிக்குப் போகிறவர்கள் போகட்டும், முதல் நாள் வருகிறவர்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் ஜீன்ஸில் போனேன். நாலாவது தடவை விழுந்தபோது பின்பக்கம் முழுக்க ஈரம். அந்தத் துணி தண்ணீரைக் குடித்துப் பலகை மாதிரி ஆகிவிட்டது, முழங்கால் மடங்கவே இல்லை. முழங்கால் மடங்காமல் ஸ்கேட்டிங்கில் ஒன்றும் நடக்காது. போதாததற்கு இரண்டு கம்பளிக் காலுறை வேறு. கால் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். பூட் இறுகி ரத்த ஓட்டம் நின்று விரல்கள் இன்னும் குளிர்ந்துபோயின. இப்போது மெல்லிய டைட்ஸ் ஒன்றுதான், கால் நன்றாக இருக்கிறது.

ஸ்கார்பரோ_சித்தப்பா
வணக்கம் பிள்ளைகளே. எனக்கு 56 வயது. வருகிற சனிக்கிழமை முதல் வகுப்பு. டிராக் பேன்ட் போடலாமா? கீழே கொஞ்சம் அகலமானது.

வெள்ளிக்கத்தி
கவிதா சொன்ன ஜீன்ஸ் விஷயம் சரி. அதைத்தான் நானும் சொல்கிறேன். எதையும் போட்டுக்கொண்டு வரலாம் என்று ஒருவர் ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும்.

பாவாடை விதி ஏன் வந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. 1988-ல் கிழக்கு ஜெர்மனியின் ஸ்கேட்டிங் வீராங்கனை கதரினா விட் நீல உடையில் வந்தார். பாவாடையே கிடையாது, இடுப்பைச் சுற்றி இறகு. அதற்குப் பிறகுதான் இடுப்பும் பின்புறமும் மறையவேண்டும் என்று விதி போட்டார்கள். அதற்கு அவர் பெயரையே வைத்துச் சொல்வார்கள். வரலாறு தெரிந்து பேசவேண்டும்.

ஐஸ்காரி
வரலாறுதானே? நன்றாகப் போவோம். 1902-ல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் ஆண்களோடு இறங்கி இரண்டாம் இடம் பிடித்தவர் மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண். பெண் வரக்கூடாது என்று விதியில் எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அடுத்த வருடம் பெண்களைத் தடுத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, நீண்ட பாவாடை பாதத்தை மறைக்கிறது, நடுவர்களுக்குக் கால் தெரியவில்லை என்பது. அவர் பாவாடையைக் கெண்டைக்கால் அளவுக்கு உயர்த்திக்கொண்டு ஆடினார். பெண்களுக்கென்று தனிப் போட்டி 1906-ல் வந்தது.

பாவாடை போட்டதற்காகத்தான் முதலில் நம்மை வெளியே தள்ளினார்கள் அக்கா. அப்புறம் பாவாடை இல்லாததற்காகத் தள்ளினார்கள். 2004-ல்தான் விட்டார்கள். இப்போது நீங்கள் தள்ளுகிறீர்கள்.

தேன்மொழி_சிங்கை
2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் பிரான்ஸின் மாயே பெரனிஸ் மெய்தே பாவாடை இல்லாமல் உடலோடு ஒட்டிய முழு உடையில் ஆடினார். ஒலிம்பிக்கிலேயே சரி என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் போட்டியில் என்ன?

அக்கா, டான்ஸா தனிநபரா?

தமிழன்பன்_கோவை
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைப்பிலேயே ஆங்கிலம், உள்ளே வந்தால் ஐஸ், ஸ்கேட்டிங், டைட்ஸ், ரிங்க். பனிச்சறுக்கு என்று அழகான சொல் இருக்கும்போது ஏன் இந்த அவலம்?

தேன்மொழி_சிங்கை
தலைப்பில் ஒரு ஆங்கிலச் சொல்லும் இல்லை ஐயா, திரும்பப் படியுங்கள். அப்புறம், பனிச்சறுக்கு என்றால் எல்லாரும் மலையில் பலகை கட்டி இறங்குவதைத்தான் நினைப்பார்கள்.

தமிழன்பன்_கோவை
அப்படியானால் பனிக்கட்டிச் சறுக்கு என்று எழுதுங்கள். சோம்பல் வேறு, சொல் இல்லாமை வேறு.

வெள்ளிக்கத்தி
ஐயா, நீங்கள் ஒரு நாள் பூட் கட்டி நில்லுங்கள், அப்புறம் பெயர் வைக்கலாம். போன வருடம் பிளேடு தீட்டுவது பற்றிய திரியிலும் இதே வேலைதான் செய்தீர்கள், மறக்கவில்லை.

தேன்மொழி, நீ ஒலிம்பிக்கைப் பற்றிப் பேசுகிறாய். அங்கே வருகிறவளுக்கு இருபத்துமூன்று வயது, பயிற்சியாளர், உடை வடிவமைப்பாளர், எல்லாரும் இருக்கிறார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்? நாற்பது வயதில் இறங்குகிறவளை நடுவர் முதல் பார்வையிலேயே எடை போட்டுவிடுவார். ஒழுங்காக, இந்த விளையாட்டின் உடையில் வந்து நின்றால், "இவள் சும்மா வரவில்லை" என்று தெரியும். எனக்குப் பாவாடை என்றால் அந்த மரியாதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் போடும்போது யாரும் கேட்பதில்லை. நாம் போட்டால் மட்டும் வயதுக்கு அடங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதற்குப் பயந்து கால்சட்டைக்குள் ஒளிந்துகொண்டு, அதற்கு 2004 என்று பெயர் வைக்காதே.

ஐஸ்காரி
நான் ஒளியவில்லை. எனக்கு இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சைத் தழும்பு இருக்கிறது, மெத்தைப் பட்டி கட்டாமல் இறங்க முடியாது. இடுப்புக்கும் வால் எலும்புக்கும் பஞ்சு வைத்த உள்சட்டை போடுகிறேன். அதற்கு மேல் பாவாடை போட்டால் எப்படி நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு வசதியானது கால்சட்டை, விதி அதை அனுமதிக்கிறது. எந்த வருடத்திலிருந்து என்று மறுபடி சொல்லவா?

கேஎல்_கவிதா
பாவாடையா கால்சட்டையா என்பதைவிடத் தையல்தான் முக்கியம். என் முதல் உடையை எனக்கு ரவிக்கை தைக்கும் அக்காவிடம் கொடுத்தேன். நல்ல கை அவருக்கு. ஆனால் லைக்ராவில் நேர்த்தையல் போட்டுவிட்டார், பின்கழுத்தில் ரவிக்கைக்கு வைப்பது போல் ஒரே ஒரு கொக்கி. கையைத் தூக்கிச் சுழன்றதும் அக்குளில் நூல் படபடவென்று அறுந்தது. அந்தத் துணி இழுபடும்போது நூலும் சேர்ந்து இழுபடவேண்டும், வளைந்து வளைந்து போகும் தையல்தான் சரி. கொக்கி தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

பியாங்சாங்கில் கொரியாவின் யூரா மின்னுக்கு ஆரம்பித்த சில நொடிகளிலேயே முதுகுக் கொக்கி அவிழ்ந்தது. பிரான்ஸின் பப்படாக்கிஸுக்கும் கழுத்துப் பிணைப்பு விட்டுப்போனது. அவரும் ஜோடியும் கடைசியில் தங்கத்தை இழந்தது 0.79 புள்ளியில்.

வெள்ளிக்கத்தி
ரவிக்கை தைப்பவரிடம் ஸ்கேட்டிங் உடை கொடுத்தால் வேறென்ன ஆகும்? நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இதுதான்.

கேஎல்_கவிதா
நாலு காசு மிச்சம் பிடிக்கவில்லை அக்கா. இங்கே பெரிய உடம்புக்கு ஆயத்த உடை கிடைப்பதில்லை. கடையில் இருப்பதெல்லாம் சிறுபிள்ளைகள் அளவு. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன், உங்களைப் போல் பேசுகிறவர்களால்தான் பெரியவர்கள் பாதியில் விட்டுப்போகிறார்கள். அந்தத் தையல்கார அக்கா எனக்காக இரண்டாவது தடவை கூலி வாங்காமல் தைத்தார். அவரைச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

ஸ்கார்பரோ_சித்தப்பா
டிராக் பேன்ட் பற்றி யாராவது சொல்லுங்கள். தலைக்கவசம் வேண்டும் என்று வேறு ஒருவர் சொன்னார். 56 வயதில் எனக்கு எதற்கு?

தேன்மொழி_சிங்கை
சித்தப்பா, கனடாவில் கான்ஸ்கேட் என்ற ஆரம்ப வகுப்பில் ஐந்தாம் நிலை முடியும்வரை ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். உங்கள் வகுப்பு வேறு வகையாக இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பின்பக்கமாக விழுவதுதான் அதிகம், தலை நேராக ஐஸில் அடிக்கும்.

தமிழன்பன்_கோவை
தலைக்கவசம். ஹெல்மெட் என்று எழுதவேண்டிய அவசியம் என்ன?

ஐஸ்காரி
அக்கா ஒரு புள்ளி ஒரு புள்ளி என்று எழுதுகிறாரே, அந்த ஒரு புள்ளி உண்மையில் எங்கே போகும் என்று நான் சொல்கிறேன். உடையிலிருந்து ஏதாவது கழன்று ஐஸில் விழுந்தால் போகும். கல், இறகு, தலையில் வைத்த பூ, எதுவானாலும் சரி. போன மாதம் பயிற்சியில் யாரோ ஒருவரின் கொண்டை ஊசி கிடந்தது. என் பிளேடு அதில் ஏறியது, கால் அப்படியே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. உள்ளங்கை உரிந்தது, கையுறை இருந்ததால் அதோடு போயிற்று. நீங்கள் உங்கள் பாவாடையில் நூற்றுக்கணக்கில் கல் ஒட்டியிருக்கும் படத்தைப் போட்டீர்களே, அதில் ஒரு கல் விழுந்தால் எனக்கு வரும் ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினீர்களா?

வெள்ளிக்கத்தி
என் கல் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை. ஒவ்வொன்றையும் நானே பசை வைத்து ஒட்டி, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் நகத்தால் கீறிப் பார்ப்பேன். என் உடையைப் பற்றிப் பேசாதே.

சரி, கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, சொல்கிறேன். அந்தக் கறுப்புக் கால்சட்டைப் பெண் நான்தான். என் முதல் போட்டி. புருஷனும் இரண்டு பிள்ளைகளும் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பெண் தாளில் கீழே ஒரு கழித்தல். எனக்கு முன்னாலேயே யாரும் சொல்லவில்லை. பயிற்சியாளர் சொல்லவில்லை, கூடப் பழகியவர்கள் சொல்லவில்லை. மகள் வந்து, "அம்மா, இது எதுக்கு?" என்று விரல் வைத்துக் காட்டினாள். வேறு ஒருத்திக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது 2004, 2004.

தேன்மொழி_சிங்கை
அக்கா, அது வருத்தமான விஷயம், உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் டான்ஸ்தானே ஆடுகிறீர்கள்? உங்கள் கையொப்பத்திலேயே டான்ஸ் என்று இருக்கிறது.

வெள்ளிக்கத்தி
எதில் ஆடினேன் என்பதா இங்கே பேச்சு? கழித்தல் கழித்தல்தான்.

ஐஸ்காரி
அதுதான் பேச்சு! முழுக்க அதுதான் பேச்சு! என் தோழி தனிநபர் ஆடுகிறாள். டான்ஸ் விதியைச் சொல்லி அவளைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டீர்கள். ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் 2005-லிருந்து பெரியவர்களுக்கென்று சர்வதேசப் போட்டி நடக்கிறது, 28 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. எழுபது வயதுக்காரர்கள்கூட இறங்குகிறார்கள். அவளுக்கு அங்கே போகவேண்டும் என்று ஆசை. நீங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள், அது டான்ஸில் நடந்தது என்று. ஒரு வரி போதும்.

வெள்ளிக்கத்தி
என் அனுபவத்தை நான் திருத்தி எழுதமாட்டேன். ஒருத்திக்கு உண்மையில் ஆசை இருந்தால் பாவாடைக்குப் பயந்து ஓடமாட்டாள். 

சித்தப்பா, அகலமான டிராக் பேன்ட் வேண்டாம். கீழ்ப்பாகம் பிளேடின் முன்னால் இருக்கும் பல்லில் மாட்டும், இல்லாவிட்டால் பூட்டின் கொக்கிகளில் சிக்கும், தடுக்கி விழுவீர்கள். கணுக்காலில் ஒட்டி நிற்கும் மெல்லிய பேன்ட், உடம்போடு இருக்கும் மேல்சட்டை, கையுறை. கழுத்தில் சால்வை சுற்றாதீர்கள். ஆண்களுக்குக்கூட டைட்ஸ் கூடாது, முழுக்கால்சட்டைதான் என்று வைத்திருந்தார்கள், தெரியுமா? அப்போது ஒரு ஆணும் 2004 என்று கத்தவில்லை.

ஸ்கார்பரோ_சித்தப்பா
நன்றி பிள்ளை. அப்படியானால் நானும் தலைக்கவசத்தோடு போகிறேன். அந்தத் தோழிக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் நல்லது, பாவம்.

வெள்ளிக்கத்தி
உங்களுக்குப் பதில் சொன்னது என் தப்பு.

ஐஸ்காரி
பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. டான்ஸா, தனிநபரா? நான் இங்கேயேதான் இருக்கிறேன்.