ஜிம்னி 70ல் உதறுகிறது: முன்பக்க புஷ்களை வீட்டிலேயே மாற்றலாமா?

பழைய_ஜிம்னி

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2008 சுசுகி ஜிம்னி, ஜேபி43 மாடல், 1.3 லிட்டர், ஆட்டோ கியர். முந்தைய உரிமையாளர் 2018ல் சிஓஇயை, அதாவது வாகன உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார், அவரிடமிருந்து வாங்கினேன். 2028 வரை ஓட்ட நினைக்கிறேன். விடுமுறை கிடைத்தால் ஜொகூர் பக்கம் செம்பனைத் தோட்ட மண்பாதைகளில் ஓட்டுவதற்காகவே வாங்கிய வண்டி.

சிக்கல் இதுதான். சிலேத்தர் விரைவுச்சாலையில் 70ஐத் தொட்டு, பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கினால் போதும், ஸ்டியரிங் படபடவென்று இரண்டு பக்கமும் அடிக்க ஆரம்பிக்கிறது. முன்பக்கம் முழுக்க உதறுகிறது. 40க்குக் குறைத்தால்தான் அடங்குகிறது. பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது ஒருமுறை இப்படி ஆனது. அதன் பிறகு அவர்களை இந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

ஒரு வொர்க்ஷாப்பில் டயர் பேலன்ஸ் செய்து, ஸ்டியரிங் டேம்பரைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இன்னோர் இடத்தில் எல்லா புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்), அதிர்வு தாங்கும் நான்கு அப்சார்பரும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கும் மாற்ற வேண்டும் என்று ஈராயிரம் வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள். என்ன ஆட்டம், எங்கே ஆட்டம் என்று கேட்டால் பதில் இல்லை.

நான் இருப்பது வீவக அடுக்குமாடி வீடு, கார்பேட்டையில் இந்த மாதிரி வேலை செய்ய முடியாது. சிராங்கூன் கார்டன்ஸில் அக்காவின் தரைவீட்டு முற்றத்தை வார இறுதிக்குத் தருவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். டிராலி ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, சாக்கெட் செட் எல்லாம் இருக்கின்றன. எதை முதலில் மாற்றுவது? ரப்பரா, பாலியூரத்தேனா? அழுத்தும் இயந்திரமான பிரெஸ் இல்லாமல் புஷ்ஷைக் கழற்ற முடியுமா?

மண்சாலை

தம்பி, வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். சரியாகும் வரை விரைவுச்சாலைப் பக்கமே போக வேண்டாம். தப்பித் தவறி உதறல் வந்துவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்க விடுங்கள்.

நீங்கள் விவரித்த விதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. டயர் பேலன்ஸ் சரியில்லை என்றால் குறிப்பிட்ட வேகத்தில் ஒரே சீராக அதிரும், அந்த வேகத்தைத் தாண்டினால் குறையும். உங்களுடையது ஒரு குலுக்கலில் தொடங்கி, வேகத்தை நன்றாகக் குறைத்தால் ஒழிய நிற்பதில்லை. எங்கோ ஓர் இணைப்பு தேய்ந்து இடம் கொடுக்கிறது.

இரு சக்கரங்களையும் இணைக்கும் ஜிம்னியின் முன் ஆக்சில் ஒரே துண்டு. அதை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை இரண்டு லீடிங் ஆர்ம். பக்கவாட்டில் பிடிப்பது ஒரே ஒரு லேட்டரல் ராடு, பேனார்ட் ராடு என்றும் சொல்வார்கள். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ரப்பர் புஷ். அதில் ஒன்று கிழிந்தாலே ஆக்சில் இடமும் வலமும் நகர வழி கிடைத்துவிடும். ஸ்டியரிங் டேம்பர் இந்த ஆட்டத்தை அமுக்கி வைக்குமே தவிர நிறுத்தாது. வலி மாத்திரை மாதிரிதான். புதிய டேம்பர் போட்டும் உதறல் திரும்பியது அதனால்தான்.

ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று. வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், கை பிரேக் போட்டு, கியர் பார்க்கில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது அத்தானை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக, வேகமாக அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு முன்னால் குனிந்து லேட்டரல் ராடின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் புக வேண்டாம். போல்ட்டுக்கும் ராடுக்கும் இடையே அசைவு தெரிந்தால் அங்கேதான் கோளாறு. அதே நேரத்தில் ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு, டிராக் லிங்க் முனைகளையும் பார்த்துவிடுங்கள்.

தெம்பனிஸ்_4x4

என் ஜேபி43க்கும் இதே நிலைமைதான். எனக்குக் கிங் பின் பேரிங் மாற்றிய பிறகுதான் நின்றது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

மண்சாலை

உண்மை, அதையும் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் நான்கு பேரிங். ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின்.

அப்புறம், சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாகத் தெரியும் நக்கிள் பகுதியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கிரீஸ் கெட்டியாக இல்லாமல் எண்ணெயாக வழிந்தால் உள் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். டிஃபரன்ஷியல் எண்ணெய் வந்து கிரீஸைக் கழுவிவிடும், கிங் பின் பேரிங் காய்ந்துபோகும். அந்த நிலைமையில் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பழைய_ஜிம்னி

அண்ணே, சோதித்துவிட்டேன். லேட்டரல் ராடின் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பக்க முனையில் அசைவு கண்ணுக்கே தெரிகிறது, ரப்பரில் பெரிய வெடிப்பு. ஆக்சில் பக்கம் பரவாயில்லை. கிங் பின் இரு பக்கமும் ஆட்டம் இல்லை, கிரீஸ் கெட்டியாகத்தான் இருக்கிறது. டை ராடு முனைகளும் சரி.

லீடிங் ஆர்மின் ஆக்சில் பக்க புஷ்களில் ரப்பர் ஓரமாகப் பிதுங்கியிருக்கிறது. கம்பியால் நெம்பினால் நன்றாகவே நகர்கிறது. இன்னொன்று, முன்பக்க ஸ்பிரிங் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங் கறுப்புதானே?

ஸ்பேனர்_அக்கா

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, மாற்றம் செய்யாத இன்னொரு ஜேபி43யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் உயரம் கூட்டும் ஸ்பிரிங் போட்டிருக்கலாம்.

அது ஏன் முக்கியம் என்றால், சேசிஸ் மேலே போகும்போது லீடிங் ஆர்ம் சாயும், அதோடு ஆக்சிலும் சேர்ந்து திரும்பும். கிங் பின்னின் பின்சாய்வு, அதாவது காஸ்டர், குறைந்துவிடும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் பலம் குறையும். தேய்ந்த புஷ்ஷும் இதுவும் சேர்ந்தால் உதறல் சீக்கிரம் கிளம்பும். இந்த வண்டியில் காஸ்டரை அலைன்மென்ட் கடையில் திருகிச் சரிசெய்ய முடியாது, டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மட்டும்தான் முடியும். ஆகவே, ஒன்று கம்பெனி உயர ஸ்பிரிங்குக்குத் திரும்ப வேண்டும், அல்லது துளை நடுவிலிருந்து விலகிய காஸ்டர் புஷ் போட வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டிய வண்டி, ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியது. பழைய உயரத்துக்குத் திரும்புவதுதான் நிம்மதி என்பது என் கருத்து.

பழைய_ஜிம்னி

நண்பர் ஒருவரின் ஜிம்னியோடு அளந்து பார்த்தேன் அக்கா. என்னுடையது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரம். நான்கு ஸ்பிரிங்கும் மாற்றியவைதான் போலிருக்கிறது.

ஸ்பேனர்_அக்கா

அப்படியானால் நான்கையும் மாற்றுங்கள். வட்டச் சுருள் ஸ்பிரிங் தனியாக, அப்சார்பர் தனியாக இருப்பதால் இந்த வண்டியில் அது கடினமான வேலை இல்லை. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியில் தாங்கி, அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். ஒயரின் கிளிப்பை முதலிலேயே விடுவித்துவிடுவது நல்லது.

புஷ்ஷைப் பொறுத்தவரை லீடிங் ஆர்முக்கு ரப்பர்தான் போடுவேன். ஆர்ம் ஒவ்வொன்றும் ஆக்சிலை இரண்டு புஷ்ஷால் பிடித்திருக்கிறது. மண்பாதையில் ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது அந்த ரப்பர் முறுகித்தான் ஆக்சிலுக்கு இடம் கொடுக்கிறது. கெட்டியான பாலியூரத்தேன் போட்டால் அந்த நெகிழ்வு குறையும். லேட்டரல் ராடுக்கு வேண்டுமானால் பாலியூரத்தேன் போடலாம், அங்கே கெடுதல் இல்லை.

வண்டி முழுக்க எண்ணினால் 16 புஷ்: முன் ஆர்ம்களில் ஆறு, பின் ஆர்ம்களில் ஆறு, இரண்டு லேட்டரல் ராடுகளில் நான்கு. முன்பக்க எட்டை இப்போது மாற்றுங்கள். பின்பக்கத்தையும் நெம்பிப் பாருங்கள், தேயவில்லை என்றால் அதில் கை வைக்க வேண்டாம்.

மண்சாலை

அக்கா சொன்னதோடு வேலை முறையையும் சேர்க்கிறேன்.

லேட்டரல் ராடுக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே கழற்றலாம். கழற்றியதும் சேசிஸ் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், திரும்பப் போடும்போது துளை நேர்படாது. சுத்தியலால் தட்டி நுழைக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினால் சேசிஸ் நகர்ந்து துளை தானாக நேர்படும். திருப்பும்போது கையையும் விரலையும் துளையிலிருந்து எடுத்துவிடுங்கள், நிறுத்திய பிறகு போல்ட்டை நுழையுங்கள்.

லீடிங் ஆர்மை ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் திரும்பிக்கொள்ளும். புஷ்ஷை வீட்டில் பிடுங்க முயல வேண்டாம். நீள ஸ்டட்டும் பெரிய சாக்கெட்டும் வைத்து இழுக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். பழைய துருப்பிடித்த புஷ்ஷுக்கு அது சரிவராது. ரப்பரை எரித்து எடுப்பது தரைவீட்டு வரிசையில் நினைக்கவே கூடாத வேலை. ஆர்மைக் கழற்றி, காக்கி புக்கிட் பக்கம் ஹைட்ராலிக் பிரெஸ் வைத்திருக்கும் வொர்க்ஷாப் ஒன்றில் கொடுத்து, பழையதை எடுத்துப் புதியதை ஏற்றித் தரச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் பழைய புஷ் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஆர்மில் பெயிண்டால் குறியிட்டுப் படமும் எடுத்துவையுங்கள். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே இடைவெளி இருக்கும், திசை மாறினால் வேலையே வீண்.

இனிச் சொல்வதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வண்டி ஸ்டாண்டில், சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுக்காதீர்கள். நட்டைக் கையளவில் மட்டும் ஏற்றி, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பானட்டை அழுத்தி ஆட்டிவிட்டு, அந்த உயரத்தில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். புஷ்ஷின் உள்குழாயைப் போல்ட்டு நசுக்கிப் பிடித்துக்கொள்கிறது, ரப்பர் அந்த இடத்திலிருந்துதான் முறுகும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுகியே இருக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், யார் சொன்னதையும் நம்பிச் செய்ய வேண்டாம், என்னையும் சேர்த்து.

பழைய_ஜிம்னி

லேட்டரல் ராடு முடிந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பும் யோசனை அருமையாக வேலை செய்தது. இடது ஆர்மில் மாட்டிக்கொண்டேன். சேசிஸ் பக்க நட்டு கழன்றுவிட்டது, போல்ட்டு சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை.

தெம்பனிஸ்_4x4

போல்ட்டு உள்குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடற்கரைப் பக்கம் ஓட்டிய வண்டிகளில் அடிக்கடி வரும். டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கியை இருபுறமும் அடித்து ஓர் இரவு விடுங்கள். நட்டைப் பாதி திரும்ப ஏற்றி, நட்டின் மேல் சுத்தியலால் தட்டுங்கள், மரை கெடாது. புஷ் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, ஆகவே கடைசி வழியாக ரம்ப பிளேடால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே போல்ட்டை அறுத்துவிடலாம். புதிய போல்ட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அறுங்கள். கம்பெனித் தரத்துக்கு ஈடான போல்ட்டாக இருக்க வேண்டும், சாதாரண ஹார்ட்வேர் கடைப் போல்ட்டு கூடாது.

பழைய_ஜிம்னி

இரவு முழுக்க ஊறியதில் இளகிவிட்டது, அறுக்கத் தேவைப்படவில்லை. ஸ்பிரிங், முன்பக்க எட்டு புஷ், எல்லாம் முடிந்தன. போல்ட்டுகளைத் தரையில் இறக்கித்தான் இறுக்கினேன். அக்கம்பக்கத்துச் சாலைகளில் 50 வரை, பிறகு அதிகாலையில் விரைவுச்சாலையில் தனியாக 80 வரை ஓட்டிப் பார்த்தேன். அதே பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கியும் உதறல் இல்லை. அனைவருக்கும் நன்றி.

ஒரே ஒரு விஷயம், நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்று இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஸ்பேனர்_அக்கா

உயரம் இறங்கியதால் லேட்டரல் ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தியிருக்கும், அதனால்தான். அலைன்மென்ட் கடையில் டோவைச் சரிசெய்யும்போதே டிராக் லிங்க்கைத் திருகி ஸ்டியரிங்கை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கைக் கழற்றித் திருப்பி மாட்டித் தர யாராவது முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஸ்டியரிங் பெட்டியின் நடுநிலை தவறிவிடும். கொஞ்ச தூரம் ஓடியதும் கழற்றிய போல்ட்டு எல்லாவற்றையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், வீல் நட்டையும் சேர்த்து. அதை முடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுங்கள்.