மேட்ரிக்ஸ் மூன்றாம் பாகத்தை இப்போதுதான் பார்த்தேன். நியோ ஏன் சண்டையைப் பாதியில் விட்டான்?

இரவுக்காட்சி:
இயந்திரங்கள் மனிதர்களை மேட்ரிக்ஸ் என்ற பொய்யுலகத்துக்குள் அடைத்துவைத்திருக்க, நியோ அதை எதிர்க்கிற கதை. முதல் பாகத்தைக் கல்லூரி விடுதியில், கம்ப்யூட்டர் இருந்த ஒரே அறையில், பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். 2003-ல் இரண்டாம் பாகமான ரீலோடடைத் தியேட்டரிலேயே பார்த்தேன். அதே வருடம் நவம்பரில் மூன்றாம் பாகமான ரெவல்யூஷன்ஸ் வந்தபோது, பார்த்துவிட்டு வந்த நண்பர்கள் எல்லாரும் ‘போகாதே, முதல் படத்தின் மேல் இருக்கிற பிரியமும் போய்விடும்’ என்றார்கள். போகவில்லை. 20 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன சனிக்கிழமை ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்தேன், இன்னும் மனசு அதிலேயே இருக்கிறது.

இரண்டு விஷயம் பிடிபடவில்லை. நியோவுக்கு வழிகாட்டுகிற ஆரக்கிளின் முகம் ஏன் மாறிவிட்டது? அப்புறம், மழையில் அவ்வளவு நேரம் அடித்துக்கொண்ட நியோ, கடைசியில் கையைத் தொங்கப்போட்டு நின்று, எல்லாரையும் தன் நகலாக்குகிற வில்லன் ஸ்மித் தன்னை விழுங்க விடுகிறானே, ஏன்? அவன் ஜெயித்தானா தோற்றானா?

நியோவின் காதலி ட்ரினிட்டி மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போய் நிஜச் சூரியனை ஒரு கணம் பார்க்கிறாளே, அந்தக் காட்சியைப் பற்றி ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பழையசுருள்:
ஆரக்கிளாக நடித்த குளோரியா ஃபாஸ்டர் 2001 செப்டம்பரில் காலமானார். ரீலோடட் காட்சி மட்டும் முடிந்திருந்தது. மூன்றாவதில் மேரி ஆலிஸ் நடித்தார். இயக்குநர்களான வச்சோவ்ஸ்கிகள் அந்த மாற்றத்தை மறைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ரயில் நிலையத்தில் நியோ ஒரு குடும்பத்தைச் சந்திக்கிறான் இல்லையா, அந்தப் பெற்றோர் தங்கள் மகள் சதியைக் காப்பாற்றுவதற்காக, ஆரக்கிளின் உருவத்தை அழிக்கிற குறியீட்டை மேட்ரிக்ஸுக்குள் இருக்கிற இன்னொரு வில்லனான மெரோவிஞ்சியனிடம் கொடுத்துவிடுகிறார்கள். ரீலோடடோடு சேர்ந்து வந்த ‘என்டர் த மேட்ரிக்ஸ்’ வீடியோ கேமில் இது வருகிறது.

சண்டைக்கு வருவோம். நியோ இந்தத் தடவை மேட்ரிக்ஸுக்குள் போவது மனிதர்களின் கப்பலிலிருந்து இல்லை, இயந்திர நகரத்தின் சொந்த இணைப்பு வழியாக. ஸ்மித்தை நான் நிறுத்துகிறேன், நீங்கள் போரை நிறுத்துங்கள் என்பதுதான் பேச்சு. ஸ்மித் அவனை விழுங்கிய நொடியில், இயந்திரங்களின் கைக்கு எட்டாமல் இருந்தவன் அவர்களோடு நேரடியாகப் பிணைந்த ஓர் உடலுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறான். அங்கிருந்து அழிக்கிறார்கள். படம் இதை வாயால் சொல்வதில்லை, அங்கே நியோவின் உடல் தூக்கிப்போடுவதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஸ்மித் பேசுவதைக் கவனியுங்கள். எப்போதும் ‘மிஸ்டர் ஆண்டர்சன்’ என்று கூப்பிடுகிறவன் அந்த ஓரிடத்தில் ‘நியோ’ என்கிறான். அவன் ஏற்கெனவே விழுங்கிவிட்ட ஆரக்கிளின் வார்த்தைதான் அவன் வாயில் வருவது. சொன்னவனுக்கே பயம் வந்துவிடுகிறது, நியோவுக்குப் புரிந்துவிடுகிறது.

கடற்கரைவாசி:
நான் 2003-லேயே தியேட்டரில் பார்த்தவன். உங்கள் நண்பர்கள் சொன்னது முழுக்கத் தப்பில்லை. மனிதர்களின் கடைசி நகரமான சயானின் துறைமுகச் சண்டை நீண்டுகொண்டே போகிறது, நியோவும் ட்ரினிட்டியும் அங்கே இல்லவே இல்லை. எது நிஜம் என்று கேட்டுத் தூங்கவிடாமல் செய்த படம், இங்கே கதவு திறக்குமா, குண்டு தீர்ந்துவிடுமா என்று போய்விட்டது. அந்தத் துறைமுகத்தைக் காக்கிற காப்டன் மிஃபுனே சாகிற இடம் மட்டும் இப்போதும் நெஞ்சை அடைக்கும்.

முடிவும் எனக்கு உறுத்துகிறது. விரும்புகிறவர்கள் வெளியே வரலாம் என்று ஒப்பந்தம். சரி, தான் அடைபட்டிருப்பதே தெரியாதவன் எப்படி விரும்புவான்?

மெட்டுக்காரன்:
அந்த மழைச் சண்டையை நல்ல ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்கள். இசையமைப்பாளர் டான் டேவிஸ் கோரஸைச் சமஸ்கிருதத்தில் பாட வைத்திருக்கிறார், பிருகதாரண்யக உபநிடதத்தின் வரிகள்: பொய்யிலிருந்து மெய்க்கு, இருளிலிருந்து ஒளிக்கு, சாவிலிருந்து சாவாமைக்குக் கூட்டிப்போ. வெளியே இயந்திர நகரத்தில் நியோவுக்கு அப்போது கண்ணே கிடையாது என்பதையும் நினைத்துக்கொண்டு கேளுங்கள், உடம்பு சிலிர்த்துவிடும். கடைசிக் காட்சியின் விடியலைச் செய்ததும் அந்தக் குழந்தை சதிதான், நியோவுக்காக.

இரவுக்காட்சி:
‘நியோ’ என்று கூப்பிட்டதை நான் கவனிக்கவே இல்லை. கடற்கரைவாசி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் நிஜச் சூரியனைப் பார்த்த ட்ரினிட்டி செத்துப்போய், சதி செய்த சூரியன் உள்ளே இருக்கிறவர்களுக்கு உதிக்கிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. கடைசி அரை மணி நேரத்தை இன்று ராத்திரி மறுபடியும் பார்க்கப் போகிறேன், ஹெட்போனோடு.