மறு: ‘மூட்டிடை உட்செலுத்தல்’ வேண்டாம், ‘மூட்டு ஊசி’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம். ‘intra-articular injection’, அதாவது மூட்டுக்குள் மருந்து ஏற்றும் ஊசிக்கு, நம் கலைச்சொல் குழுவில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஒருவர் எழுதியிருந்தது:

> ‘மூட்டிடை உட்செலுத்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘இடை’ என்றால் இரண்டுக்கு நடுவில் என்றுதான் நம் காதில் விழும். போன ஆண்டு முழங்கால் தேய்மானத்துக்காக அம்மாவுக்கு ஊசி போட்டபோது ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொல்தான் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் அம்மா கேட்டார்: “எந்த ரெண்டு மூட்டுக்கு நடுவுல போடுவாங்க?” செவிலியர், “மூட்டுக்குள்ள போடுற ஊசிம்மா” என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

பக்கத்தில் நின்று பார்த்தேன். முழங்கால் சில்லுக்கு வெளிப்பக்கமாக ஊசியை இறக்கி, முதலில் தேங்கியிருந்த நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஊசியை அப்படியே விட்டு, சிரிஞ்சை மட்டும் மாற்றி மருந்தை ஏற்றினார்கள்.

என் முன்மொழிவு ‘மூட்டு ஊசி’. ‘உள்’ எங்கே என்று கேட்பீர்கள். இடுப்பு ஊசி, முதுகு ஊசி என்று நாம் சொல்லும்போதே ஏழாம் வேற்றுமை தொக்கி நிற்கிறது: மூட்டின்கண் போடும் ஊசி. தமிழ் தானாகவே தருவதை முன்னொட்டு வைத்து ஏன் திணிக்க வேண்டும்? மூட்டுக்குள் போகாமல், அதைச் சுற்றியுள்ள தசைநாணின் பக்கம் போடுவதை ‘மூட்டுப்புற ஊசி’ என்று பிரித்துவிடலாம். ‘மூட்டக ஊசி’ என்றும் யோசித்தேன். நூலகம், மருந்தகம் பழகிய கண்ணுக்கு அது ஏதோ கட்டடமாகத் தெரிகிறது.

அடுத்தது ஜெல் ஊசி, அதாவது ஹையலுரானிக் அமிலம் என்ற கூழை மூட்டுக்குள் ஏற்றுவது. அதற்கு ‘மசகு ஊசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மசகு அருமையான சொல். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவுவார்களே, அந்த வாசனையே அதில் இருக்கிறது. ஆனாலும் இங்கே அது வேண்டாம் என்பேன். மசகு போட்டால் வண்டி ஓடும். இந்த ஊசி போட்டால் முழங்கால் அப்படி ஓடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், முழங்காலுக்கு ஸ்டீராய்டு ஊசியை வலுவாகப் பரிந்துரைத்தது. ஹையலுரானிக் ஊசியை நிபந்தனையோடு வேண்டாம் என்றது. ஸ்டீராய்டும் சில வாரங்களுக்குத்தான் வலியைத் தணிக்கும். 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள், ஸ்டீராய்டோ வெறும் உப்புநீரோ போட்டார்கள். வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியோடு வந்து நிற்பவருக்குப் பெயரே வாக்குறுதி கொடுத்துவிடக் கூடாது. மருந்து எங்கே போகிறது, என்ன மருந்து, இந்த இரண்டையும் சொன்னால் போதும்.

ஹையலுரானிக் என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடிக்கான கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். எதைக் குணமாக்கும் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை.

ஆகவே ‘ஸ்டீராய்டு மூட்டு ஊசி’, ‘ஹையலுரானிக் மூட்டு ஊசி’ என்று பதியலாம். மருத்துவமனை வாசலில் ‘ஜெல் ஊசி’தான் புழங்குகிறது, அதையும் பக்கத்தில் குறிப்பிடுவோம், ஒதுக்க வேண்டாம். பாடநூலுக்கு ஜெல் ஊசி சிகிச்சையைக் குறிக்கும் கோட்பாட்டுச் சொல் (viscosupplementation) வேண்டுமென்றால் ‘பாகுநிலை ஈடுசெய்தல்’ சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மருந்துக்கு முன் நீரை உறிஞ்சுவதைச் செவிலியர்கள் ‘நீர் எடுக்கிறது’ என்கிறார்கள். அதை ‘மூட்டுநீர் எடுத்தல்’ என்று எழுதினால், நம் குழுவில் உள்ள மருத்துவர்களுக்கு ஒப்புதலா?