கோதுமை பியர்: 60 நிமிச ஹொப்ஸும் 10 நிமிச ஹொப்ஸும் மாறி விழுந்திட்டுது

கொக்குவில்கிடாரம்:

வணக்கம். 20 லீற்றர் கோதுமை பியர். கோதுமை மோல்ட் (முளைக்க வச்சுக் காயவச்ச தானியம்) 60 வீதம், மிச்சம் பில்ஸ்னர் எண்ட பார்லி மோல்ட், தொடக்க அடர்த்தி 1.048. ஹொப்ஸ் (கசப்புக்கும் வாசத்துக்கும் போடுற பூ) ஹாலர்டாவ் இனம், அதில கசப்புக்குக் காரணமான அல்பா அமிலம் 4 வீதம். கொதி தொடங்க 25 கிராம், கடைசி 10 நிமிசத்துக்கு 10 கிராம் எண்டதுதான் கணக்கு. கிண்ணம் ரெண்டும் மாறி, 10 கிராம் முதல்ல போச்சு, 25 கிராம் கடைசியில விழுந்தது. அடுப்பை நிப்பாட்டி மூடி வச்சு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கிடாரத்தைத் தொட்டித் தண்ணிக்குள்ள இறக்கினது. இப்ப வாளியில ரெண்டாம் நாள், நல்லா நுரைக்குது. கசப்புக் காணாமல் போகுமோ? இன்னும் 20 கிராமை வாளிக்குள்ள போடட்டோ, அல்லாட்டித் திருப்பிக் கொதிக்க வைக்கட்டோ?

பனையடி:

ரெண்டும் வேண்டாம் தம்பி. அல்பா அமிலம் கொதி சூட்டில உருமாறினாத்தான் பியரில கரைஞ்சு கசக்கும். வாளிக்குள்ள பச்சையாப் போட்டா புல்லு வாசம் வரும், நீங்கள் தேடுற கசப்பு வராது. திருப்பிக் கொதிக்க வச்சா ஈஸ்ட் செத்து, வாழைப்பழ வாசமும் ஆவியாப் போயிடும்.

கணக்கைப் பாருங்கோ. 60 நிமிசம் கொதிச்சா அல்பாவில 23 வீதமளவு பியருக்குள்ள போகும், 10 நிமிசத்தில 8 வீதமளவுதான். உங்கட திட்டத்தின்படி 11.5 உம் 1.7 உம், மொத்தம் 13 ஐ.பி.யு. (கசப்பின்ர அளவு). மாறிப் போட்டதில 4.6 உம் 4.2 உம், கிட்டத்தட்ட 9. ஜேர்மன் கோதுமை பியருக்குச் சொல்லுற எல்லை 8 இலயிருந்து 15 வரை. நீங்கள் இன்னும் உள்ளுக்குத்தான் நிக்கிறியள். வித்தியாசம் வாசத்திலதான் தெரியும்: கடைசியில போன 25 கிராம், பூ மணமும் மூலிகை மணமும் குடுக்கும், கோதுமை பியருக்கே உரிய கிராம்பு வாசத்தைக் கொஞ்சம் மறைக்கும். ரெண்டு, மூண்டு கிழமையில அது தணியும்.

கருப்பநீர் (பதநீர்) முட்டிக்குச் சுண்ணாம்பு பூச மறந்தா விடியக் கள்ளுத்தான், வேற வழியில்லை. ஹொப்ஸ் அவ்வளவு கறார் இல்லை.

மாதகல்காத்து:

பனையடி அண்ணை சொன்ன 9 ஐ நான் நம்பேல்ல, அதுக்கு மேலதான் இருக்கும். அடுப்பை நிப்பாட்டினவுடன கசப்பு நிக்காது. 80 பாகைக்குக் கீழ இறங்கும் வரைக்கும், வேகம் குறைஞ்சாலும், உருமாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கும். மூடி வச்ச 20 லீற்றர் எங்கட வெக்கையில லேசில இறங்காது. அந்த ஒரு மணித்தியாலத்தில கடைசி 25 கிராம் 10 நிமிச ஹொப்ஸ் மாதிரி நிண்டிருக்காது, 20 நிமிச ஹொப்ஸ் மாதிரி எண்டாலும் வேலை செய்திருக்கும். அப்பிடிப் பாத்தா 11, 12 வரும். ஒரு பிழை மற்றப் பிழையைச் சரிக்கட்டியிருக்கு.

ஆனா அடுத்த முறை இந்த ஆறவைக்கிற முறையை மாத்துங்கோ. கிணத்துத் தண்ணியே 28 பாகையில இருக்கும், அதால பியரை அதுக்குக் கீழ கொண்டுவர ஏலாது. 16 லீற்றராக் கொதிக்க வைச்சு, தொட்டித் தண்ணியை ரெண்டு தரம் மாத்தி 60 பாகைக்கு இறக்குங்கோ. முதல் நாளே கொதிக்க வச்ச தண்ணியை மூடின சுத்தமான டப்பாவில உறைய வச்சு, அந்த 4 கிலோ ஐஸை அப்பிடியே உள்ளுக்குப் போட்டா 32 பாகைக்கு வந்திடும். பிறகு ஐஸ் போத்தல் போட்ட தொட்டியில 18 வரைக்கும். 16 லீற்றரில அடர்த்தி 1.060 ஆகிறதால கசப்புப் பத்தில ஒரு பங்கு குறையும், 25 கிராமுக்கு 28 கிராம் போடுங்கோ.

கொக்குவில்கிடாரம்:

நன்றி. அப்ப முதல் ஹொப்ஸைப் போட மறந்தே போய், 15 நிமிசம் இருக்கேக்க ஞாபகம் வந்தால்? இல்லாட்டி ரெண்டையும் சேத்து முதலிலயே கொட்டினால்?

பனையடி:

மறந்தால்: 25 கிராமை உடன போட்டு, மணிக்கூட்டைத் திரும்ப 60 இலயிருந்து தொடங்குங்கோ. 45 நிமிசம் மேலதிகமாக் கொதிக்கும், ரெண்டு லீற்றரளவு வத்தும், அந்தளவு கொதிதண்ணியைத் திருப்பி ஊத்தவேணும். நிறம் ஒரு சொட்டுக் கூடும், அவ்வளவுதான். சிலபேர் நேரத்தை விட்டிட்டு ஹொப்ஸை 50 கிராமாக் கூட்டுவினம். கசப்பு சரியா வரும், ஆனா கோதுமை பியரில இலைச் சாறு மாதிரி ஒரு ருசி நிக்கும்.

முழுக்க முதலில விழுந்தால்: 35 கிராமும் சேர்ந்து 16 ஐ.பி.யு. ஆறின கொதிதண்ணி 2 லீற்றர் சேர்த்தா 14.5 அளவுக்கு வரும், அடர்த்தி 1.044 ஆகும். 10 கிராமைத் தனித் துணிப்பையில கட்டிப் போட்டிருந்து ஐந்து நிமிசத்துக்குள்ள கண்டால் அந்தப் பையைத் தூக்குங்கோ, வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை.

60 நிமிசம் எண்டது குமிழி பொங்கிப் புரளத் தொடங்கினதிலயிருந்து, அடுப்புப் பத்தவச்சதிலயிருந்து இல்லை. கோதுமைக்கு நுரை கூட. முதல் நுரை அடங்கினாப் பிறகு ஹொப்ஸைத் தூவுங்கோ, இல்லாட்டி அதுவும் சேந்து அடுப்பில வழியும்.

சுன்னாகம்7:

ஒண்டு விட்டுப்போச்சு. எங்கட கிணறு சுண்ணாம்புக்கல் தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளைப் படிவு பிடிக்கிற தண்ணியெண்டால் மோல்ட் ஊறலில அமிலத்தன்மை காணாது, உமியிலயிருந்து துவர்ப்பு இறங்கும். கனபேர் அதைத்தான் ஹொப்ஸ் நேரப் பிழை எண்டு நினைக்கினம். கசப்பு நாக்கில நிக்கும். துவர்ப்பு பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரிக் கன்னத்தைப் பிடிக்கும். ஆர்.ஓ. (உப்பு நீக்கி வடிச்ச) தண்ணி பாதிக்குப் பாதி கலந்து, ஊறலின்ர பி.எச். (அமில அளவு) 5.2 க்கும் 5.4 க்கும் இடையில நிக்குதோ எண்டு பாருங்கோ.

இப்ப இருக்கிற வாளிக்கு: அடர்த்தி மூண்டு நாள் ஒரே இடத்தில, 1.011 அளவில, நிண்ட பிறகு 100 மில்லி எடுத்துக் குளிராக்கிக் குடிச்சுப் பாருங்கோ. உண்மையாவே சப்பெண்டு இருந்தால் மட்டும், 2 லீற்றர் தண்ணியில 100 கிராம் மோல்ட் சாறு மாவும் 10 கிராம் ஹொப்ஸும் போட்டு 30 நிமிசம் கொதிக்க வைச்சு, வடிச்சு, மூடி ஆறவிட்டு, போத்தலில அடைக்கிற நேரம் சேருங்கோ. 4 ஐ.பி.யு. அளவு கூடும். அந்த மாவும் போத்தலுக்குள்ள நொதிக்கும். அதால போத்தலில அடைக்கேக்க போடுற சீனியில 70 கிராமைக் குறைக்கவேணும், இல்லாட்டிப் போத்தல் வெடிக்கும்.