முதல் ஹோயாவாக எதை வாங்கலாம்? வளர்த்தவர்களின் அனுபவங்கள்

புதியவர்:

வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் ஹோயா பூங்கொடிகளைச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. காலை வெயில் சிறிது நேரம் உள்ளே விழும். வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போய்விடுவேன், நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு என்று படித்ததும் மலைத்துப்போனேன். படத்தில் அழகாக இருப்பது வேண்டாம். உங்கள் கையில் நன்றாக வந்தது எது என்று சொல்லுங்கள்.

கார்னோசா வளர்ப்பவர்:

தம்பி, முதல் ஹோயா வாங்கும்போது பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இலையைத் தொட்டுப் பாருங்கள். தடிப்பாக, மெழுகு பூசியதுபோல் இருந்தால் அந்தச் செடி தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் தாங்கும். அந்த வகையில் எளிதாகக் கிடைப்பது ஹோயா கார்னோசா. உங்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

என்னிடம் உள்ள கொடி வெளிச்சம் குறைந்த அறையிலும் இருந்திருக்கிறது, காலை வெயில் படும் ஜன்னலிலும் இருந்திருக்கிறது. மங்கிய இடத்தில் வாடவில்லை. ஆனால் மொட்டும் வைக்கவில்லை. ஜன்னலுக்கு வந்த பிறகுதான் பூத்தது. உச்சிவெயில் நேராக விழாமல் பார்த்துக்கொண்டால் உங்கள் கிழக்கு ஜன்னல் இதற்கு மிகப் பொருத்தம்.

தண்ணீர் எப்போது வேண்டும் என்பதை நாட்காட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். முற்றிய இலை ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து மெல்ல மடக்கிப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்து நின்றால் அப்படியே விட்டுவிடலாம். வளைந்து கொடுத்தால், இலையின் மேல் மெல்லிய சுருக்கமும் தெரிந்தால், தொட்டியின் அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள். இலை துவண்டிருந்து, தொட்டிக் கலவையும் ஈரமாக இருந்தால் அது தாகம் அல்ல, வேர் அழுகத் தொடங்கிவிட்டது. வாடுகிறதே என்று அந்த நேரத்தில் மேலும் ஊற்றித்தான் பலர் நல்ல செடியைப் பறிகொடுக்கிறார்கள். என் அண்டை வீட்டு அம்மா ஒருவர் அப்படிப்பட்ட கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேர் முழுவதும் பழுப்பு, தொட்டாலே தோல் உரிந்து வந்தது. மேலே நல்ல நிலையில் இருந்த தண்டுகளை மட்டும் வெட்டி வேர் பிடிக்க வைத்தோம். அவை பிழைத்துவிட்டன.

காட்டில் ஹோயாக்களில் பெரும்பாலானவை மரங்களின் மேல் தொற்றி வளர்பவை. அவற்றின் வேர் காற்றுக்குப் பழகியது. ஆகவே தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். மரப்பட்டைத் துண்டுகள், பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்கள், கொஞ்சம் தேங்காய் நார்த்தூள் கலந்தால் போதும். தொட்டியும் சிறியதாகவே இருக்கட்டும். வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கினால் தொல்லை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று: திடீரென்று இலையே இல்லாத நீளத் தண்டு ஒன்று காற்றில் துழாவிக்கொண்டு கிளம்பும். வெற்றுக்குச்சி என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். பற்றிக்கொள்ள இடம் தேடுகிறது. கம்பியில் மெல்லச் சுற்றிவிடுங்கள், இலை பிறகு வரும்.

பூவுக்காக வளர்ப்பவர்:

கார்னோசா நல்ல தேர்வுதான், ஆனால் பொறுமை வேண்டும். சிறிய தண்டிலிருந்து தொடங்கினால் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். வேகம் பிடிக்கும் என்றால் ஹோயா பூபிகாலிக்ஸ் பாருங்கள். பிலிப்பைன்ஸைச் சேர்ந்தது. நீண்ட இலை, அதில் வெள்ளி தெளித்ததுபோல் புள்ளிகள். என் ஜன்னலில் மற்ற ஹோயாக்கள் ஒரு இலை விடுவதற்குள் இது ஒரு முழம் ஓடிவிடுகிறது. தாங்கும் குணத்திலும் கார்னோசாவுக்குக் குறைந்ததல்ல.

முதல் பூங்கொத்து வந்தபோது நான் மணிக்கணக்கில் அதன் பக்கத்திலேயே இருந்தேன். மொட்டு ஐந்து மூலைகளோடு மூடிய சிறு பெட்டி மாதிரி இருக்கும். விரிந்ததும் வெல்வெட் போன்ற மயிர் படர்ந்த ஐந்து இதழ்கள். நடுவில் பளபளக்கும் இன்னொரு நட்சத்திரம். எருக்கம்பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதாகத் தோன்றும். இரண்டும் ஒரே குடும்பம். தண்டைக் கிள்ளினால் வடியும் பாலும் அந்த உறவைக் காட்டும். அந்தப் பால் கண்ணில் தெறிக்காமல், செடியைக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு பூவின் மணம் கூடும். அறையே நிறைந்துவிடும். தேனும் சொட்டும், கீழே புத்தகம் எதையும் வைக்காதீர்கள்.

பூ உதிர்ந்ததும் மிஞ்சும் குட்டைக் காம்பை மட்டும் வெட்டவே கூடாது. அடுத்த முறையும் அதே காம்பின் நுனியில்தான் மொட்டு வரும். ஒவ்வொரு முறையும் அது சிறிது நீள்வதை என் கொடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தகவல்: 1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்கு தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயரை வைத்தார். செடிகளோடு வாழ்நாளைக் கழித்த ஒருவரின் பெயர் இப்படிப்பட்ட பூவுக்கு அமைந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பரிசுச் செடியைப் பார்த்தவர்:

இதய வடிவ இலை ஒன்றைத் தொட்டியில் நட்டு விற்கிறார்களே, அது ஹோயா கெரி. என் தங்கைக்கு ஒருவர் அன்போடு பரிசளித்தார். மாதங்கள் ஓடின, இலை பச்சையாகவே இருந்தது, ஆனால் பக்கத்தில் ஒரு துளிர்கூட இல்லை. ஒருநாள் மேல் மண்ணை விரலால் தள்ளிப் பார்த்தோம். இலைக்காம்பும் அதன் அடியில் வேரும் இருந்தன. தண்டு இல்லை, கணு இல்லை. துளிர் கிளம்புவது கணுவிலிருந்துதான். அது இல்லாத இலை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கலாம், கொடியாக மாற வாய்ப்பு இல்லை. தங்கை அதை இன்னமும் மேசையில் வைத்திருக்கிறாள், அழகாகத்தான் இருக்கிறது. சேகரிப்பைத் தொடங்குகிறவர் கெரி வேண்டும் என்றால் தண்டும் இரண்டு மூன்று இலைகளும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதுவும் மெதுவாகத்தான் வளரும்.

பலவகை சேர்ப்பவர்:

இலை தடிப்பாக இருந்தால் போதும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஹோயா காம்பாக்டாவுக்கும் தடித்த இலைதான். சுருண்டு சுருண்டு, முறுக்கிய கயிறுபோல் தொங்கும். அந்த மடிப்புகளுக்குள் மாவுப்பூச்சி புகுந்துகொண்டால் பஞ்சை நனைத்துத் துடைக்கக்கூட இடம் இருக்காது. வளர்ச்சியும் மிக மெதுவு. முதல் செடியாக அதைத் தவிர்க்கலாம்.

மறுபக்கம், ஹோயா லக்குனோசாவின் இலை சிறியது. அதை எனக்குத் தந்தவர் கடினம் என்று பயமுறுத்தினார், ஆனால் சிறிய செடியாக இருக்கும்போதே பூத்துவிட்டது. மணத்தில் லவங்கப்பட்டையின் சாயல் உண்டு. சற்று அடிக்கடி தண்ணீர் கேட்கும், அவ்வளவுதான். ஹோயா ஆஸ்ட்ராலிஸும் தைரியமாக வாங்கலாம், விறுவிறுவென்று ஏறும். ஹோயா லீனியாரிஸ் மட்டும் இப்போது வேண்டாம். இமயமலைச் சரிவுகளின் குளிர்ச்சிக்குப் பழகிய மெல்லிய இலை அதற்கு. காய்ந்தாலும் முகம் சுளிக்கும், வெப்பத்தையும் விரும்பாது. அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு ஒத்துவராது.

கார்னோசாவிலேயே வண்ண இலை வேண்டும் என்றால் கிரிம்சன் குவீன் என்ற வகையில் வெளிர்நிறம் ஓரத்தில் இருக்கும். கிரிம்சன் பிரின்சஸில் நடுவில். இரண்டும் பச்சை இலைக் கொடியைவிட மெதுவாக வளரும். முழுப் பச்சையாகக் கிளம்பும் தளிரை அவ்வப்போது நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கொடி முழுவதும் மெல்லப் பச்சைக்குத் திரும்பிவிடும்.

புதியவர்:

அனைவருக்கும் நன்றி. கார்னோசா ஒன்று, பூபிகாலிக்ஸ் ஒன்று என்று முடிவு செய்துவிட்டேன். பூபிகாலிக்ஸின் தண்டுத்துண்டு தருவதாக அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைத் தண்ணீரில் வைப்பதா, நேராகத் தொட்டியில் நடுவதா?

கார்னோசா வளர்ப்பவர்:

இரண்டு கணுக்களாவது உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே இலைக்கக்கத்திலும் இலையின் அடிப்பக்கத்திலும் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது மாவுப்பூச்சி, வேண்டாம். வெட்டிய இடத்தில் பால் வடிந்து நிற்கட்டும். பிறகு கீழ்க்கணுவில் உள்ள இலைகளை எடுத்துவிட்டு, அந்தக் கணு மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். வேர் ஒரு விரல் அகல நீளத்துக்கு வந்ததும் சிறிய தொட்டிக்கு மாற்றி, முதல் சில வாரங்கள் கலவை முழுதாகக் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் வந்த வேருக்குப் புது இடம் பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும். வெளியூர்ப் பயணம் இல்லாத வாரமாகப் பார்த்து நடுங்கள்.