நாலெட்ஜ் கிராஃப்: அறிவு வரைபடமா, அறிவுக் கோட்டுருவா?

அனைவருக்கும் வணக்கம். முதுகலை நூலக அறிவியல் பாடக்குறிப்பு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜெர்மனியில் ஹனோவரின் டிஐபி நூலகம் நடத்தும் 'ஓப்பன் ரிசர்ச் நாலெட்ஜ் கிராஃப்' பற்றியும் அதில் ஒரு பாடம். ஆய்வுக் கட்டுரையை வெறும் பிடிஎஃப் ஆக விடாமல், அதில் உள்ளதைத் தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்து இணைத்து வைக்கும் திட்டம். நாலெட்ஜ் கிராஃப் என்பதற்குத் தமிழில் 'அறிவு வரைபடம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
செ.

> அறிவு வரைபடம்

வேண்டாம். வரைபடம் என்றதும் மாணவருக்குக் கட்டம் போட்ட தாளும் அட்லஸும்தான் தோன்றும். இங்கே முக்கியம் படம் அல்ல, தொடர்பு. வூஹானின் முதல் 425 கொரோனா நோயாளிகளைப் பற்றி 2020 ஜனவரியில் வந்த கட்டுரையைப் பாருங்கள். ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும்? 2.2; 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் வரம்பு, 1.4 முதல் 3.9 வரை. ஊர், எண், இடைவெளி எல்லாம் தனித்தனிக் கணுக்கள், அதாவது கோடுகளால் இணையும் புள்ளிகள். இதே எண்ணைக் கணித்த மற்றக் கட்டுரைகளையும் இப்படிப் பிரித்துவிட்டால் கணினியே வரிசையாக அடுக்கி ஒப்பிட்டுக் காட்டும். கணிதத்தில் இந்த அமைப்புக்குக் 'கோட்டுரு' என்ற சொல் ஏற்கெனவே உண்டு. அறிவுக் கோட்டுரு என்போம்.
ம.

> கோட்டுரு

வழிமொழிகிறேன். கோடு என்றால் வரி மட்டுமல்ல. மரக்கிளை, யானைக் கொம்பு, மலைமுகடு எல்லாம் கோடுதான். கோடுதல் என்றால் வளைதல். 'கோலதூஉம் கோடா தெனின்' என்கிறது குறள். கிளைத்து வளைந்து போகும் உறவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

இன்னொன்று. இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று உறுப்புகள்: இரண்டு முனைகளும், அவற்றை இணைக்கும் 'பிரெடிகேட்'டும். அந்தப் 'பிரெடிகேட்' வருமிடத்தில் பயனிலை என்று போட்டுவிடாதீர்கள். 'பரவல் எண் 2.2' என்ற தொடரில் 2.2தான் பெயர்ப் பயனிலை. அவர்கள் பிரெடிகேட் என்பதோ இரண்டு முனைகளையும் கட்டும் உறவை. 'உறவு' போதும்.
ப.

ஐயா, யானைக் கொம்பு வரை போய்விட்டோம். கோட்டுரு என்று கரும்பலகையில் எழுதினால் முதல் பத்து நிமிடம் அந்தச் சொல்லை விளக்கவே சரியாக இருக்கும். 'அறிவுப் பின்னல்' என்றால் கேட்டதும் புரிகிறதே?
வா.

> அறிவுப் பின்னல்

வலைப்பின்னல் என்பதை நெட்வொர்க்குக்குக் கொடுத்துவிட்டோம். பின்னலை இங்கேயும் வைத்தால் குழப்பம் வரும். விளக்க வேண்டியிருப்பது குறையல்ல அம்மா. கணு, கணுக்களை இணைக்கும் கோடான விளிம்பு இரண்டையும் சொல்லிக்கொடுக்கத்தானே போகிறீர்கள்?
ம.

நன்றி. மூவர் சொன்னதால் 'அறிவுக் கோட்டுரு' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் பக்கத்தில் நாலெட்ஜ் கிராஃப் என்றும் இருக்கும். பயனிலையை நீக்கி உறவு என்று மாற்றியாகிவிட்டது.
செ.

மூவர் யார்? நானும் சேர்த்து எண்ணப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். அச்சில் எது வந்தாலும் வகுப்பில் நான் பின்னல் என்றுதான் சொல்வேன்.
வா.