கூட ஓட்டியவர் இறந்த பிறகு டிராக் ரேஸைத் தொடரலாமா?

கேள்வி – முஸ்டாங்காரன், டல்லஸ்

இங்கே உள்ளூர் ஸ்ட்ரிப்பில், அதாவது கால் மைல் நேராக ஓட்டும் டிராக் ரேஸ் பாதையில், வெள்ளிக்கிழமை இரவுகளில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஓட்டலாம். என் 2016 முஸ்டாங் காரில் கால் மைலுக்கு 12.4 நொடி வருகிறது. போன மாதம் எங்களோடு வழக்கமாக ஓட்டும் ஒருவர், புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர், ஃபினிஷ் லைனைத் தாண்டிச் சுவரில் மோதி இறந்துவிட்டார். பழைய காரில் பெரிய எஞ்சின் போட்டிருந்தார். அதிலிருந்து மனைவி காரை விற்கச் சொல்கிறாள், கைக்குழந்தை வேறு இருக்கிறது. எஞ்சின் சக்தியைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் போட்டு 10 நொடிக்கு இறக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நிறுத்திவிடவா? மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் – பழைய டயர்

மனசு கனக்கிறது நண்பரே. அவர் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

எல்லோரும் கிளம்பும் நொடியைத்தான் பயத்தோடு பார்ப்பார்கள், ஆனால் ஃபினிஷ் லைனை நெருங்கும்போதும் அதற்கு அப்புறம் நிற்க வேண்டிய இடத்திலும் உயிர் போகலாம். 2008 ஜூனில் நியூஜெர்சி இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா இறந்தது அப்படித்தான்: எஞ்சின் வெடித்தது, பாராசூட் காரை நிறுத்தவில்லை, ஓடுபாதையின் முடிவையும் தாண்டிப் போய்விட்டது. அதன் பிறகுதான் டாப் ஃபியூல், ஃபன்னி கார் என்ற அதிவேகப் பிரிவுகளின் ஓட்டத்தை 1,320 அடியிலிருந்து (கால் மைல்) 1,000 அடியாகக் குறைத்தார்கள். அவர் தொழில்முறை வீரர், சுற்றிலும் மீட்புக் குழு இருந்தது. நம் ஊர் ஸ்ட்ரிப்பில் அவ்வளவு இருக்காது. அதனால் காரில் பணம் போடுவதற்கு முன்னால் பகலில் ஒருமுறை போய் அந்தக் கோடி வரை பாருங்கள். எவ்வளவு நீளம், மணல் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது.

அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதியில் 13.99 நொடியோ அதைவிடக் குறைவோ வந்தாலே ஹெல்மெட் கட்டாயம், அதாவது இப்போதே உங்களுக்கு வேண்டும். பழைய கார் 11.49க்கு வந்தால் ரோல் பார் (கார் உருண்டால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய்), 9.99க்கு வந்தால் முழு ரோல் கேஜ் (ஓட்டுநரைச் சுற்றிய குழாய்க் கூண்டு), ஓட்டுநருக்குத் தனி லைசென்ஸ். மணிக்கு 150 மைலைத் தொட்டால் பாராசூட். புதிய கார்களுக்குத் தளர்வு உண்டு, ஆனால் அதை நம்பி 10 நொடிக்கு இறங்காதீர்கள், முதலில் ரோல் பாரும் பெல்ட்டும், அப்புறம் சூப்பர்சார்ஜர். கார் நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்தால் உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். டைம் ஸ்லிப்பில், அதாவது ஓட்ட நேரம் அச்சிட்ட சீட்டில், நல்ல எண் வர வேண்டுமென்று மிதித்துக்கொண்டே போகிறவர்கள்தான் சுவரில் போய் முடிகிறார்கள்.

பதில் – ஹூஸ்டன் அக்கா

நான் ஓட்டுகிறவள் இல்லை, ஓட்டுகிறவரின் மனைவி. உங்கள் வீட்டில் பேச வேண்டியதை நான் சொல்கிறேன். சாதாரணக் கார் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ரேஸ் டிராக்கில் நடந்ததற்குப் பணம் தராது. ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது ரேஸ் ஓட்டுவதுண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைத்தால் பிறகு குழந்தைக்குத்தான் நஷ்டம். வாசலில் கையெழுத்து வாங்குகிற காகிதத்தையும் முழுக்கப் படியுங்கள்.

இன்னொன்று, குழந்தையை எங்கே நிறுத்துகிறீர்கள்? 2021 அக்டோபரில் நம் டெக்சாஸ் கெர்வில்லில், விமான நிலைய ஓடுபாதையில் நடத்திய ரேஸில் ஒரு கார் விலகி, நின்றிருந்த வண்டிகள் மேலும் பார்வையாளர்கள் மேலும் போய் விழுந்தது. 6 வயதிலும் 8 வயதிலும் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். கான்கிரீட் சுவர் இல்லாத இடத்தில் ரேஸ் என்றால் எங்கள் வீட்டில் யாரும் போவதில்லை.

பதில் – சாலைப்பிரியன்

எனக்குக் கேட்டால் நிறுத்திவிடுங்கள் தம்பி. ரோல் கேஜ் எல்லாம் சரி, ஆனால் முன்னால் போனவன் காரிலிருந்து எண்ணெய் சிந்தியிருந்தால் உங்கள் பெல்ட் என்ன செய்யும்?

பதில் – பழைய டயர்

அண்ணன் கேட்பது நியாயம்தான், அந்த ஆபத்தை முழுதாக நீக்க முடியாது. ஆனால் ஸ்ட்ரிப்பை விட்டவர்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. இங்கிலீஷ்டவுனில் 2018லேயே டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள், 2023ல் ஹூஸ்டன் ஸ்ட்ரிப்பும் மூடப்பட்டது. அங்கே ஓட்டியவர்களில் சிலர் நெடுஞ்சாலைக்குத்தான் போவார்கள், அங்கே எதிரே வருகிற குடும்பத்துக்கு ரேஸ் நடப்பதே தெரியாது.

முஸ்டாங்காரன்

நன்றி எல்லோருக்கும். சூப்பர்சார்ஜர் இப்போதைக்கு இல்லை. அக்கா சொன்னதை மனைவியோடு உட்கார்ந்து படித்தேன், பாலிசி விஷயம் முடியும்வரை ஓட்டப்போவதில்லை, அது முடிந்தபின் இந்தக் கோடையில் 12 நொடியிலேயே ஓட்டுகிறேன். இறந்துபோனவருடைய பெல்ட்டை எனக்குத் தருகிறேன் என்று அவர் தம்பி சொல்கிறார், வாங்கலாமா?

பழைய டயர்

விபத்தில் இழுபட்ட பெல்ட்டை மறுபடி கட்டவே கூடாது. மற்றபடியும் ரேஸ் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் முத்திரையில் தேதி இருக்கும், இரண்டு வருடம்தான் கணக்கு. அந்தத் தம்பியிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.